இரைச்சல் பாலம் தாண்டும்வரை

லோயர்கேம்ப்பிலிருந்து கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு ஏறுகிற ஆறு கிலோமீட்டர் மலைப்பாதையில் எந்த வளைவு எப்போது வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதினேழு வருஷமாகக் கம்பத்திலிருந்து பஸ் ஏறிப் போய், குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பாதையில் இரைச்சல் பாலம் என்று ஓர் இடம் உண்டு. பெரியாற்றுத் தண்ணீரில் பவர்ஹவுஸ் குழாய்களுக்குப் போனது போக மிச்சத்தைத் திறந்துவிட்டால் அங்கேதான் பாறையில் மோதி விழும். பேருக்கு ஏற்ற சத்தம், பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது காதில் விழாது. பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நான் முந்தானையால் காதைப் பொத்திக்கொள்வேன். அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வரும்.

சிரிப்பாகத்தான் இருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாசம் வரைக்கும் நானும் சிரித்துச் சமாளித்தேன். அன்றைக்கு ஐயப்பன் சாமிகள் வண்டி வரிசை கட்டி நின்று, பஸ் அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், முன்னும் பின்னும் மாலை போட்ட ஆம்பளைகள். இறங்கி எங்கே போக? கம்பத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் போயிருந்தேன், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இருந்தும் அடக்க முடியவில்லை. அடர்நிறப் புடவை கட்டியிருந்தது ஒன்றுதான் அன்றைக்கு என் அதிர்ஷ்டம். குமுளியில் இறங்கியதும் கடைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறி, சீட்டில் உட்காராமல் நின்றபடியே கம்பத்துக்குத் திரும்பினேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

இதை ஏன் பொதுவில் எழுதுகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒன்பது பெண்களில் நாலு பேருக்கு இந்தத் தொந்தரவு ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. எல்லாரும் சொல்கிற காரணம் ஒன்றேதான்: சூடு. நானும் அதையே நம்பி ரெண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

சூட்டுக்கு எங்கள் அப்பத்தா காலத்து வைத்தியம் அத்தனையும் செய்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய், வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், சோம்புத் தண்ணீர், பார்லிக் கஞ்சி. பார்லி குடித்த நாட்களில் கொஞ்சம் தேவலையாக இருந்தது. பார்லி சாக்கில் ரெண்டு சொம்பு தண்ணீர் உள்ளே போனதால்தான் அது என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் மருந்துக்கடை. "அடிக்கடி போகுது" என்று சொன்னதும் கவுண்டரில் இருந்த தம்பி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆறு மாசத்தில் ரெண்டு தடவை அப்படிச் சாப்பிட்டேன். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, நாற்றம் இல்லை. கிருமி இருக்கிறதா என்று ஒரு தடவையாவது சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டாமா? அந்தத் தம்பிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு, தண்ணீரைக் குறைத்தது. எங்கள் கடைக்குக் கழிப்பறை தனியாகக் கிடையாது. பின்கட்டில் நாலு கடைக்குப் பொதுவாக ஒன்று, அதன் சாவி முதலாளி மேஜை டிராயரில். ஒவ்வொரு தடவையும் நாலு வியாபாரிகள் உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருக்கிற மேஜைக்கு முன்னால் போய் நின்று, "அண்ணே, சாவி" என்று கேட்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ஏலத்து விலை பேசுகிற வாய்கள் ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடிக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ரெண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். தாகத்துக்குக் கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீ. பக்கத்துக் கடையிலிருந்து பையன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான், கணக்கு எழுதுகிற கை அதுபாட்டுக்கு எடுத்துக் குடிக்கும்.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு மலைக்கு மேலேயே ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மலையாளி, நல்ல தமிழ் பேசினார். நர்ஸ் சேச்சிதான் வாசலில் நின்றபடி "மூத்ரம் ஒழிச்சோ?" (ஒண்ணுக்குப் போயாச்சா?) என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தார். முதலில் கூசியது. பிறகு யோசித்தால், "மாலை நேரமாச்சா" என்று கேட்பது மாதிரி அதைக் கேட்கத் தெரிந்த ஊரில் பிறந்திருந்தால் ரெண்டு வருஷம் முன்பே வைத்தியத்துக்கு வந்திருப்பேன்.

டாக்டரம்மா உடனே மாத்திரை எழுதவில்லை. "நீங்க கணக்கு எழுதுறவங்கதானே? மூணு நாள் எனக்கு ஒரு கணக்கு எழுதிக் கொண்டு வாங்க" என்றார். என்ன குடித்தேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு. எப்போது போனேன், எவ்வளவு வந்தது, அவசரமாக வந்ததா, துளி கசிந்ததா. அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

பழைய பேரேட்டில் வரவு, செலவு என்று ரெண்டு பத்தி கிழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு திங்கள், ஒரு செவ்வாய். திங்களன்று கேரளாவில் ஹர்த்தால் விழுந்து கடை அடைப்பு, அதனால் ரெண்டு நாள் வீட்டிலேயே மக்கில் அளக்க முடிந்தது. செவ்வாய்க்குக் கடையில் எண்ணிக்கை மட்டும்.

ஞாயிறு செலவு: பதினோரு தடவை. காலையில் எழுந்ததும் போனது 310 மி.லி. மற்ற பத்தும் எழுபது, தொண்ணூறு, நூறு. அவற்றில் ஒன்று வெறும் 40. அதற்குத்தான் அடுப்பை அணைக்காமல் ஓடியிருந்தேன். நாள் முழுக்க மொத்தம் 1,210. செவ்வாய் கடையில் பதினைந்து தடவை. வீட்டில் இருந்த நாளில் நாலு டீ, கடைக்குப் போன நாளில் ஏழு.

டாக்டரம்மா அந்தப் பேரேட்டை ரசித்துப் படித்தார். "மொத்தத் தொகை சரிதான். தவணைதான் ஜாஸ்தி" என்றார். என் பாஷையிலேயே சொல்லிவிட்டார். அந்த 310ஐ வட்டம் போட்டு, "ராத்திரி தூங்குறப்போ முந்நூறு பிடிக்கிற பை, பகல்ல எழுபதுக்கு ஏன் கத்துது? பை சின்னதில்ல. பைக்கு அறிவு கெட்டுப்போச்சு" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400, 500 மி.லி. வரை பிடிக்கும். 150, 200 சேரும்போது லேசாக முதல் தகவல் வரும். மூளை "இரு, பாத்துக்கலாம்" என்று சொல்லும். பையைச் சுற்றியுள்ள டிட்ரூசர் என்கிற தசை தளர்ந்தபடியே இருந்து இன்னும் இடம் கொடுக்கும். நாம் உட்கார்ந்து உத்தரவு கொடுத்த பிறகுதான் அது சுருங்க வேண்டும். அந்தத் தசை உத்தரவில்லாமல் பாதி நிரம்பும் முன்பே சுருங்க ஆரம்பிப்பதுதான் மிகைச் செயல் சிறுநீர்ப்பை. திடீரென்று, தள்ளிப்போட முடியாத அவசரம் வருவதுதான் அதன் அடையாளம். எண்ணிக்கை கூடுவதும், ராத்திரி எழுவதும், கசிவதும் அந்த அவசரத்தோடு கூட வருகிறவை.

"டேம் மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சிரித்தார். "உங்க ஆளுங்க 142 அடி வேணும்பாங்க. எங்க ஆளுங்க 136 போதும்பாங்க. உங்க பை 110லயே சைரன் ஊதி ஷட்டரத் தூக்குது." முல்லைப்பெரியாறு அணையில் எவ்வளவு தண்ணீர் தேக்குவது என்கிற ரெண்டு மாநில விவகாரத்தை வைத்து ஒரு மலையாளி டாக்டரும் ஒரு கம்பத்துக்காரியும் சேர்ந்து சிரித்தது அந்த அறையில்தான் நடந்திருக்கும்.

சரி, அறிவு ஏன் கெட்டது? இதற்குத்தான் நான் ஒற்றைப் பதில் எதிர்பார்த்தேன். அவர் முதலில் மற்றவற்றை ஒதுக்கினார். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமியும் இல்லை, ரத்தமும் இல்லை. சர்க்கரை இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குத் தண்ணீர் குடித்து முட்டும்வரை காத்திருக்க வேண்டும், வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். என் வியாதிக்கே அந்தப் பரீட்சையா என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போய்விட்டு வந்த பிறகு இன்னொரு ஸ்கேன், பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க. 20 மி.லி. நிலுவை இல்லை என்று அர்த்தம். கல் இல்லை, கட்டி இல்லை. பக்கவாதம், பார்க்கின்சன், முதுகெலும்பு அடி போன்றவை இருந்தால் மூளையிலிருந்து பைக்குப் போகிற நரம்புத் தகவல் கெட்டு இதே தொந்தரவு வரும். அதற்காகக் காலில் உணர்ச்சி, நடை எல்லாம் சோதித்தார்.

பல பேருக்கு இவ்வளவும் பார்த்த பிறகும் இன்னதுதான் என்று காரணம் பிடிபடாது என்றார். என் விஷயத்தில் பேரேடு சில கைகளைக் காட்டிக் கொடுத்தது. டீ முதல் கை: அதிலுள்ள காபீன் சிறுநீரையும் கூட்டும், பையையும் உசுப்பும். தண்ணீர் குறைந்ததால் கெட்டியாகிப்போன சிறுநீர் பையின் உள்சுவரை உறுத்துவது இன்னொன்று. என் மலச்சிக்கலுக்கும் அதே தண்ணீர்க் குறைவுதான் காரணம். நிரம்பிய மலக்குடல் பக்கத்திலிருக்கிற பையை அழுத்தும் என்பது எனக்குப் புதுச் செய்தி. மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் சிறுநீர் வழியின் உள்தோலும் மெலிந்துபோகும். ரெண்டு சுகப்பிரசவம், ரெண்டாவது கொஞ்சம் கனமான பிள்ளை. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற அடித்தளத் தசை தளர்ந்திருந்தது.

கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது: "வருதோ வரலையோ, பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வந்துரு." நம் வீடுகளில் இதைச் சொல்லாத அம்மா உண்டா? எப்போதாவது வெளியூர் போகும்போது அப்படிப் போனால் தப்பில்லை. நான் பதினேழு வருஷமாகத் தினமும் வீட்டில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, குமுளியில் இறங்கியதும் ஒன்று என்று, அம்பதும் அறுபதுமாகக் கறந்துகொண்டிருந்தேன். அம்பது சேர்ந்ததுமே கூப்பிடு என்று பைக்கு நானே பழக்கியிருக்கிறேன். அப்புறம் கடையில் சாவி கேட்கக் கூசிக்கொண்டு நாலு மணி நேரம் இறுக்கி அடக்குவேன். எந்தப் பைக்குத்தான் குழப்பம் வராது?

இதற்கிடையில் என்னைப் பார்த்து ஊரே பேரேடு போட ஆரம்பித்தது ஒரு தனிக்கதை. அதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் அத்தை ராத்திரி ஐந்து தடவை எழுவார். பகலில் ஒன்றும் இல்லை. "ஏத்தா, எனக்கும் ஒன்னைய மாதிரிதான்" என்றார். அவருக்கு மக்கில் அளந்தால் ஒவ்வொரு தடவையும் 250, 300. அது பையின் குற்றமே இல்லை. பகல் முழுக்கக் காலில் நீர் இறங்கி வீங்கியிருக்கும். படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் ராத்திரி வேலை பார்க்கும். போதாததற்கு நீர் பிரிகிற மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய டாக்டரிடம் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினோம். மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கிறார். இப்போது ரெண்டு தடவை.

தரம் பிரிக்கிற பெண்களில் ஒருத்திக்கும் அடிக்கடிதான். அவளுக்கும் ஒவ்வொரு தடவையும் மக் நிறைய, கூடவே தீராத தாகம். சர்க்கரை பார்க்கச் சொன்னோம், வெறும் வயிற்றிலேயே 240. அடிக்கடி போய், ஒவ்வொரு தடவையும் நிறையப் போனால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பையைப் பாருங்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய செலவு ஒரு பிளாஸ்டிக் மக்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர் அண்ணன், அறுபத்திரண்டு வயது, என் மாத்திரைப் பேரைக் கேட்டு வாங்கிச் சாப்பிடப் பார்த்தார். நல்லவேளை மதினி என்னிடம் சொல்லிவிட்டார். அவருக்கு அவசரமும் இருந்தது, ஆனால் போனால் சொட்டுச் சொட்டாக வந்தது, முக்க வேண்டியிருந்தது. அது புராஸ்டேட், ஆம்பளைகளுக்குப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வீங்கி வழியை அடைப்பது. பை முழுசாகக் காலியாகாதவர்கள் என் மாத்திரையைப் போட்டால் சிறுநீர் மொத்தமாக அடைத்துக்கொள்ளக்கூடும். கேட்டு வாங்கித் தின்ன இது கடலை மிட்டாய் இல்லை.

இனி என் வைத்தியம். மாத்திரை கடைசியில்தான் வந்தது, முதல் ஆறு வாரம் பழக்கம் மாற்றுவது மட்டும்.

தண்ணீரைக் கூட்டச் சொன்னார். கேட்டதும் பயந்துவிட்டேன். ஒரேயடியாக இல்லை, காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை பரவலாக ஒன்றரை லிட்டர், படுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். குமுளி ஓட்டல்களில் கொடுக்கிற பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீரையே பிளாஸ்க்கில் வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் வாரம் மோசம், இரண்டாவது வாரத்திலிருந்து சுருக்கென்ற அந்த உறுத்தல் குறைந்தது. டீயை ஏழிலிருந்து ரெண்டுக்கு இறக்க மூணு வாரம் ஆனது. அவசரப்பட்டு ஒரே நாளில் நிறுத்திப் பார்த்து, மண்டை பிளக்கிற தலைவலி வந்து, பில்லில் 8 எம்.எம். காய் விலையை 7 எம்.எம். காய்க்குப் போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படிப்படியாகக் குறையுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரையும் கொய்யாவும் தண்ணீருமே போதுமாக இருந்தது.

பயிற்சி ரெண்டு. முதலாவது, கடிகாரம். எனக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும் போவது. நடுவில் வந்தால் போகாமல் சமாளிப்பது. ஒரு வாரம் அது பழகினதும் கால் மணி நேரம் கூட்டுவது. இப்படி ஏறி ஏறி மூணு மணி நேரத்துக்கு வர எனக்கு நாலு மாசம் பிடித்தது.

ரெண்டாவது, அடித்தளத் தசைப் பயிற்சி. இதை முதலில் தப்பாகச் செய்தேன். மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டிருந்தேன், அது கீழ்நோக்கித் தள்ளும், இருப்பதையும் கெடுக்கும். பிசியோதெரபிப் பெண்தான் திருத்தினார். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயையும் முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் தளர்வாகவே இருக்க வேண்டும், மூச்சு வழக்கம்போல் ஓட வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். பத்துத் தடவை, தினம் மூணு வேளை. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். நான் அதையும் செய்திருக்கிறேன். பை முழுசாகக் காலியாகாமல் பழகிவிடும்.

அவசரம் வந்த நொடியில் ஓடக் கூடாது என்பதுதான் எனக்கு நம்பவே முடியாத பாடம். ஓடினால் வயிறு குலுங்கும், பதற்றம் கூடும், கதவுக்கு முன்னால் கசியும். சாவித் துவாரத்தில் சாவியை நுழைக்கும்போது முட்டிக்கொண்டு வருமே, பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் அசையாமல் நின்று, அதே தசையைப் படபடவென்று ஐந்தாறு தடவை இறுக்கி விட வேண்டும். அந்தத் தசை இறுகினால் பைத்தசைக்குத் தளரச் சொல்லித் தகவல் போகும். மனசை வேறெங்காவது திருப்ப வேண்டும். நான் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். அலைபோல் ஏறின அவசரம் ஒரு நிமிஷத்துக்குள் இறங்கும். இறங்கின பிறகு நிதானமாக நடந்து போக வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு பாதி குணம்தான் தெரிந்தது. அப்போதுதான் சோலிஃபெனசின் 5 மி.கி. எழுதினார், கூடவே பிறப்புறுப்பில் தடவ ஈஸ்ட்ரோஜன் களிம்பு. மாத்திரையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டும், மலச்சிக்கல் திரும்பிப் பார்க்கும். கண் அழுத்தம் உள்ளவர்களும் வயதானவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்த வகை மாத்திரைக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்கு மறதி கூடலாம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மிராபெக்ரான் என்று வேறு வகை இருக்கிறது, அதற்கு ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். நான் மூணு மாசம் சாப்பிட்டு, டாக்டரைக் கேட்டே நிறுத்தினேன். பயிற்சி மட்டும் இன்றைக்கும் தொடர்கிறது. நடுவில் ஒரு தடவை அதை நிறுத்திப் பார்த்ததில் நாற்பது நாளில் பழைய நிலைமை எட்டிப் பார்த்தது.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலும், திடீரென்று கால் பலமிழந்தாலும், உட்காருகிற இடம் மரத்துப் போனாலும், முட்டியும் வராமல் நின்றுபோனாலும் பேரேடு, பயிற்சி என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போன ஆடியில் நல்ல மழை. இரைச்சல் பாலத்தில் தண்ணீர் வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பஸ் மெதுவாக ஏறியது. காதைப் பொத்தவில்லை. வந்தது. வாய்ப்பாட்டில் ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது வரை சொன்னேன், அடுத்த வளைவு வந்துவிட்டது.

கடையில் அந்தச் சாவிக்கு இன்னொரு சாவி அடித்தாயிற்று. முதலாளியிடம் நான் ஒருநாள் தனியாகப் போய்ச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு மறுநாளே நூற்றிருபது ரூபாய்க்கு அடித்துக் கொடுத்துவிட்டார். அது இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, தொலையாமல் இருக்க ஒரு துண்டுச் சாக்கு நூல் கட்டி. தரம் பிரிக்கிற பெண்கள் யாரும் கேட்பதில்லை, எடுத்துக்கொண்டு போகிறார்கள்.